ஞாயிற்றுக்கிழமை தெரியாத பெட்டி

மாடி அக்காவிடம் "எப்படி இருக்கீங்க?" என்று போகிற போக்கில் கேட்டுவிடக் கூடாது. படியில் பாதியிலேயே நின்று யோசிப்பாள். "இடது முட்டி வலிக்கி. தூக்கம் நாலு மணி நேரம். மத்தபடி நேத்து மாதிரிதான்" என்பாள். நல்லா இருக்கேன் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போக அவளுக்குத் தெரியாது.

மேலகரத்தில் எங்கள் வீட்டு மாடியில் ஏறக்குறைய இரண்டு வருஷம் குடியிருந்தாள். ஏறக்குறைய என்று எழுதியிருப்பதைப் பார்த்தால் எத்தனை நாள் குறையுது என்று கேட்பாள். அப்போது எனக்கு முப்பத்தெட்டு வயது. தென்காசியில் ஒரு மருந்துக்கடையில் பார்மசிஸ்ட் வேலை. என் கணவருக்குச் சுரண்டையில் ஒரு டிராக்டர் ஷோரூமில் வேலை. பிள்ளைகள் இல்லை. கீழே நாங்கள் இரண்டு பேர், மேலே அவள் ஒருத்தி.

அவளுக்குச் சொந்த ஊர் பக்கத்து இலஞ்சிதான். டிப்ளமோ படித்துவிட்டுப் பெங்களூருக்குப் போனவள், அளவுக் கருவிகளைச் சரிபார்க்கிற ஒரு ஆய்வுக்கூடத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்து, ஓய்வு பெற்றுத் திரும்பியிருந்தாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை.

குடிவந்த அன்று கட்டிலையும் பீரோவையும் லாரியில் போட்டுவிட்டு, டிரைவருக்குப் பக்கத்தில் அவள் உட்கார்ந்து வந்தாள். காலடியில் சாம்பல் நிறத்தில் ஒரு இரும்புப் பெட்டி. அதற்குப் பக்கத்தில் கார் பேட்டரி ஒன்று, இரண்டுக்கும் நடுவே வயர். தூக்க வந்த ஆட்களிடம், "வயரப் புடுங்கிராதீங்க, மெதுவா, மெதுவா" என்று படி முழுக்கச் சொல்லிக்கொண்டே கூட ஏறினாள். பீரோவைத் தூக்கும்போது எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

ஒரு வாரத்துக்குள் தெருவில் பேச்சு கிளம்பிவிட்டது. மொட்டை மாடியில் நின்று யாரிடமோ போனில் பேசுகிறாள்: "அவன நிப்பாட்டவே கூடாது. பழசா இருந்தாலும் அவனத்தான் நம்ப முடியும். அவன மாத்த எனக்கு மனசில்ல." எதிர்வீட்டு அம்மா என்னைக் கூப்பிட்டு, "தனியா இருக்கேன்னு சொல்லித்தான வந்தா? யாருட்டி அந்த அவன்?" என்று கேட்டாள். காபி கொடுக்கிற சாக்கில் மேலே போய்க் கேட்டே விட்டேன்.

அக்கா முதலில் விழித்தாள். பிறகு நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அப்படி அவள் சிரித்து நான் பார்த்தது இரண்டு தடவைதான்.

"அடுப்புட்டி! இங்கிலீஷ்ல அவன். இந்தப் பெட்டிக்குள்ள ஒரு சின்ன அடுப்பு இருக்கு. அதுக்குள்ள வெரல் நகம் அளவுக்கு ஒரு கிரிஸ்டல். கரண்டு குடுத்தா செகண்டுக்கு அம்பது லட்சம் தடவ துடிக்கும். சூடு மாறாம இருந்தா துடிப்பும் மாறாது. அடுப்பு அணைஞ்சிட்டா, மறுபடி நிதானத்துக்கு வர நாள்க்கணக்குல ஆவும்."

"இது எதுக்குக்கா?"

"மத்த மிஷினெல்லாம் சரியா ஓடுதான்னு இத வச்சுத்தான் பாப்போம்."

அறையைச் சுற்றிப் பார்த்தேன். "இங்கன எந்த மிஷினக்கா இருக்கு?"

அவள் காபியை முழுதும் குடித்து முடித்தாள். "ஒண்ணுமில்ல" என்றாள்.

ஆய்வுக்கூடத்தில் புதுக் கருவி வந்ததும் அதைக் கழித்துப் போட இருந்தார்களாம். ஓய்வு பெறுகிற நாளில் உங்களுக்கு என்ன வேணும் என்று கேட்டிருக்கிறார்கள். இதைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமைதோறும் இலஞ்சி முருகன் கோயிலுக்குப் போவாள். சாமி கும்பிடுகிறவள் இல்லை என்பது எனக்குக் கொஞ்ச நாளில் தெரிந்துவிட்டது. அவளுடைய தம்பி அந்தக் கோயிலுக்கு வெள்ளிக்கிழமை வருவார். ஒருமுறை நானும் கூடப் போயிருந்தேன். வெள்ளை வேட்டி கட்டிய ஒரு மனிதர் எதிரே வந்தார். அக்கா நின்றாள். அவர் நடையைக்கூட மாற்றாமல், தூணைத் தாண்டுவதுபோல் எங்களைத் தாண்டிப் போனார்.

"தம்பி" என்றாள் அக்கா. "பதினோரு வருஷமாச்சு பேசி."

காரணத்தையும் சொன்னாள். தம்பி மகளுக்குச் சம்பந்தம் பேசி முடிவாகிற நேரம். மாப்பிள்ளையின் அம்மா இவளைத் தனியாகக் கூப்பிட்டு, "பொண்ணுக்குச் சின்ன வயசுல வலிப்பு வரும்னு சொல்லுதாவளே, நெசந்தானா?" என்று கேட்டிருக்கிறாள். "ஆமா. பன்னெண்டு வயசு வரைக்கும் வந்துது. அதுக்கப்புறம் ஒரு தடவகூட வரல" என்று இவள் சொல்லியிருக்கிறாள். அந்த அம்மாவின் காதில் முதல் வார்த்தைதான் விழுந்தது. சம்பந்தம் நின்றுபோனது. அந்தப் பெண் பிறகு வேறிடத்தில் கல்யாணமாகி நன்றாகவே இருக்கிறாள். ஆனால் தம்பி, இனி என் வாசப்படியை மிதிக்காதே என்று சொன்னவர் சொன்னதுதான்.

"தெரியாதுன்னு சொல்லியிருக்கலாம்லாக்கா?"

"தெரியுமே" என்றாள்.

அவளைப் பார்த்தால் எனக்குப் பாவமாகவும் இருக்கும், பயமாகவும் இருக்கும்.

அந்த வருஷம் ஆனி மாதம் சாரல் தொடங்கிய சமயத்தில் பெட்டிக்குக் கோளாறு வந்தது. மாடியில், பெட்டியைக் கவனிக்க அவள் பிறகு வாங்கி வைத்த ஒரு சின்னத் திரையில் இரண்டு அலைகள் எப்போதும் தெரியும். மேலே இருப்பது சாட்டிலைட்டிலிருந்து வருகிற நேரம். கீழே இருப்பது பெட்டியுடையது. இரண்டும் ஒத்துப் போனால் கீழ் அலை அசையாமல் நிற்கும் என்று காட்டியிருக்கிறாள். நல்ல நாளில் அது ஒரு அலை தூரம் நகர அரைமணி நேரம் ஆகும். இப்போது திடீரென்று மூன்றே நிமிஷத்தில் நகர்ந்து போனது. பிறகு இரண்டு மணி நேரத்தில் தானாகவே அடங்கியது.

"முழுசா கெட்டுப் போனா லேசு. இது வந்து வந்து போவுதுட்டி. அதான் கஷ்டம்" என்றாள்.

முதலில் அவள் பெட்டியைச் சந்தேகப்படவில்லை. தான் அளக்கிற விதத்தைச் சந்தேகப்பட்டாள். மொட்டை மாடியில் இருந்த ஆன்டெனாவின் வயர் இணைப்பில் சாரல் தண்ணீர் இறங்கியிருக்குமோ என்று அதை மாற்றினாள். மூன்று நாள் பார்த்தாள். கோளாறு அப்படியே இருந்தது. அடுத்தது காற்று. செங்கோட்டைப் பக்கமிருந்து அடிக்கிற காற்றில் எங்கள் வீட்டுச் சன்னல் கதவுகள் இரவு பகல் ஆடும். எல்லாச் சன்னலையும் அடைத்து, தெர்மோகோல் அட்டையால் பெட்டிக்கு ஒரு கூண்டு செய்து, புழுக்கத்தில் உட்கார்ந்து மூன்று நாள் பார்த்தாள். அதுவும் இல்லை.

"எல்லாத்தையும் ஒண்ணா மாத்திப் பாத்தா என்னக்கா?" என்றேன்.

"ஒரு நேரத்துல ஒண்ணத்தான் மாத்தணும். ரெண்ட மாத்துனா எதால சரியாச்சுன்னு தெரியாமப் போயிரும்."

பிறகு கரண்டைத் துண்டித்து, பெட்டியைப் பேட்டரியில் மட்டும் ஓடவிட்டாள். மூன்று நாள் அலை அசையவில்லை. அப்படியென்றால் கோளாறு வீட்டுக் கரண்டு வழியாக வருகிறது. மறுபடி கரண்டில் மாட்டி, என்றைக்கு எத்தனை மணிக்கு வருகிறது என்று ஒரு நோட்டில் குறிக்க ஆரம்பித்தாள். அது என்ன நோட்டென்று நான் பார்க்கவில்லை. என் கடையில் அந்த மாதம் காய்ச்சல் கூட்டம்.

மூன்று வாரம் கழித்து ஒரு நாள் காலை, நான் கிளம்புகிற நேரத்தில் கீழே இறங்கி வந்தாள். என் கணவர் அரைமணிக்கு முன்பே டிபன் கேரியரை எடுத்துக்கொண்டு பைக்கில் போயிருந்தார்.

"ஒண்ணு கேக்கணும். மத்தியானம் மூணு பத்து வாக்குல ஒங்க மோட்டார யாரு போடுதா?"

"யாரும் போடலயே. வீடு பூட்டித்தான கிடக்கு."

"தெனமும் ஓடுது. மோட்டார் எடுக்கும்போது வோல்டேஜ் எறங்குது. அடுப்புச் சூடு அதுல தடுமாறுது."

"நீங்கதான தொட்டிய நெறைக்கீங்க? சாயங்காலம் வந்தா நெறஞ்சிருக்கும், நீங்கன்னுல்ல நெனச்சேன்."

"நானில்ல. நோட்டுல எல்லா நாளும் இருக்கு, ஞாயித்துக்கிழம மட்டும் இல்ல." என் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்துச் சொன்னாள். "மிஷினுக்கு ஞாயித்துக்கிழம தெரியாதுட்டி."

பஸ்ஸில் தென்காசி போய்ச் சேருகிற வரைக்கும் அந்த வாக்கியம் காதுக்குள் சுற்றியது. மாத்திரை அட்டையை எண்ணிக் கொடுக்கிறேன், எண்ணிக்கை தப்புகிறது. இரண்டரைக்குத் தலைவலி என்று சொல்லிவிட்டு ஆட்டோ பிடித்தேன். தெருமுனையில் இறங்கும்போதே மோட்டார் சத்தம் கேட்டது.

பின்பக்கம் துவைகல்லில் என் கணவர் இடுப்பில் துண்டோடு சட்டையை அலசிக்கொண்டிருந்தார். காலையில் நான் தேய்த்துக் கொடுத்த சட்டை. என்னைப் பார்த்ததும் மோட்டாரை நிறுத்தத்தான் முதலில் ஓடினார். ஏன் ஓடினார் என்று அவருக்கே தெரிந்திருக்காது.

"லீவா?" என்று கேட்டேன். அதை ஏன் கேட்டேன் என்று எனக்கும் தெரியாது.

"வேல போயி நாலு மாசமாச்சு" என்றார்.

ஷோரூமில் ஆட்களைக் குறைத்தபோது போயிருக்கிறது. கொஞ்ச நாள் சும்மா சுற்றியிருக்கிறார். சீசன் தொடங்கியதும் குற்றாலத்தில் வண்டி நிறுத்துகிற ஒரு தோப்பில் டோக்கன் கொடுக்கிற வேலை. இரண்டு மணிக்கு அது முடியும். புழுதியும் வியர்வையும் எனக்குத் தெரியக் கூடாது என்று வீட்டுக்கு வந்து குளித்து, சட்டையைத் துவைத்துக் காற்றில் காயப்போட்டு, தேய்த்து மாட்டிக்கொண்டு, மறுபடி வெளியே போய் ஏழு மணிக்கு வருவார். நாலு மாசம் நான் அவருக்குச் சோறு கட்டிக் கொடுத்திருக்கிறேன், "இன்னைக்கு எத்தன வண்டி வித்துது?" என்று கேட்டிருக்கிறேன், அவரும் பதில் சொல்லியிருக்கிறார்.

அவரிடம் கத்தவில்லை. மாடிக்கு ஏறினேன்.

"ஒங்க பெட்டிய நீங்க நோண்டுங்க. எங்க வீட்ட எதுக்கு நோண்டுதீங்க?"

அக்கா எழுந்து நின்றாள். "மோட்டார யாரு போடுதான்னுதான் கேட்டேன்."

"யாருன்னு ஒங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்" என்றாள்.

அதற்குமேல் என்னால் அங்கே நிற்க முடியவில்லை. இருபது நாள் அவளோடு பேசவில்லை. என் கணவரோடும் சரியாகப் பேசவில்லை. ஒரு நாள் சாப்பிடும்போது அவர்தான் சொன்னார், தட்டைப் பார்த்துக்கொண்டே.

"அக்கா எங்கிட்டத்தான் மொதல்ல வந்தாவ. 'நீயே அவகிட்டச் சொல்லிரு. பத்து நாள் பாப்பேன். அதுக்கப்புறம் மோட்டாரப் பத்தி அவகிட்டக் கேக்க வேண்டி வரும். கேட்டா நான் பொய் சொல்ல மாட்டேன்'ன்னாவ. பத்து நாளும் சொல்லணும் சொல்லணும்னுதான் இருந்தேன். அவுங்க பன்னெண்டு நாள் இருந்தாவ."

அவளுக்கு அந்த இரண்டு நாள் எவ்வளவு பெரிய சலுகை என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஆனாலும் மேலே போக வெட்கமாக இருந்தது. வீட்டுக்கு வெளியே யார் முகத்தையும் பார்க்கப் பிடிக்கவில்லை. மாடியில் நாற்காலி நகர்கிற சத்தம் கேட்கும், இருமல் கேட்கும். அவளுக்கும் நாங்கள் இல்லாவிட்டால் பேச வேறு யாரும் இல்லை என்பது தெரிந்துதான் இருந்தது.

கடைசியில் அவளே ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வந்து நின்றாள்.

"மோட்டார் மேல குத்தமில்ல. வோல்டேஜ் எறங்குனா அத உள்ள விடாமத் தடுக்குறதுக்குன்னே பெட்டியில ஒரு பகுதி இருக்கு. அதுல ரெண்டு கெப்பாசிட்டர் காஞ்சு போயிருந்துது. ஒரு பத்தவைப்பு மயிரிழைக்கு விட்டிருந்துது, லென்ஸ் வச்சுத்தான் பாத்தேன். அடுப்ப மட்டும் பேட்டரியில ஓடவிட்டு, அணையாம வேலய முடிச்சிட்டேன். இப்ப சோதிக்கணும். மோட்டாரப் போட்டுப் போட்டு நிறுத்த ஒரு ஆள் வேணும்."

என் கணவர் என்னைப் பார்த்தார். பிறகு எழுந்து சுவிட்ச் பக்கத்தில் போய் நின்றார்.

"போடு!" என்று மாடியிலிருந்து சத்தம். போட்டார். "நிறுத்து!" நிறுத்தினார். "போடு!" பத்துப் பதினைந்து தடவை. தொட்டி நிரம்பி வழிந்து மாடிச் சுவரெல்லாம் தண்ணீர். மேலே ஓடினேன். திரையில் கீழ் அலை அசையாமல் நின்றது. அக்கா சிரித்துக்கொண்டிருந்தாள். இது இரண்டாவது தடவை.

"நாந்தான் கோவத்துல என்னெல்லாமோ பேசிட்டேங்கா" என்றேன்.

"மூணு வாக்கியந்தான் பேசுன" என்றாள்.

என் கணவருக்கு அடுத்த மாதம் இலஞ்சியில் ஒரு தென்னை நார் கம்பெனியில் வேலை கிடைத்தது. எங்களுக்குள்ளும் மெல்ல மெல்லப் பேச்சு வந்தது.

மறு வருஷம் ஆவணி வாக்கில் அக்காவுக்கு ஒரு போன் வந்தது. தம்பி மனைவி. தம்பிக்கு ஈரலில் நோய். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டார்கள். அக்காவைப் பார்க்க வேண்டும் என்கிறாராம்.

அக்கா கடைக்கே வந்துவிட்டாள். கவுண்டருக்கு வெளியே நின்று, "என் கூட வாரியாட்டி?" என்றாள். அவள் என்னிடம் தனக்காகக் கேட்ட ஒரே உதவி அது. அந்த வருஷம் நான் வாங்கியிருந்த ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து, வழி முழுக்க என் தோளைப் பிடித்திருந்தாள்.

அவர் கட்டிலில் ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தார். கண் மஞ்சள். கோயிலில் எங்களைத் தாண்டிப் போன மனிதரா என்று சந்தேகம் வருகிற அளவுக்கு மெலிந்திருந்தார். தலைமாட்டில் ஆஸ்பத்திரிக் காகிதங்கள். அக்கா உட்கார்ந்து ஒவ்வொன்றாக, கடைசிக் காகிதம் வரைக்கும் படித்தாள். எனக்கும் அதில் எழுதியிருந்தது புரிந்தது.

"எல்லாரும் வெளிய போங்க" என்றார் அவர். மனைவியும் மகனும் போனார்கள். நான் நகர்ந்தேன். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்திவிட்டாள். அவரும் தடுக்கவில்லை.

"அக்கா" என்றார். பன்னிரண்டு வருஷத்துக்குப் பிறகு. "டாக்டர்லேர்ந்து பால்காரன் வர சரியாயிரும், சரியாயிரும்ங்காவ. எனக்குக் கிறுக்குப் பிடிக்கி. ஒன்னய எதுக்கு வரச் சொன்னேன்னு தெரியுதா?"

"தெரியுதுலே."

"பொழப்பேனா?"

அக்காவின் பிடி என் கையில் இறுகியது. "பொழைக்க மாட்டலே" என்றாள். "ரெண்டு வாரம், மிஞ்சிப்போனா மூணு. வலிக்கு மருந்து இருக்கு, அத நான் பாத்துக்கிடுதேன். நான் இங்கனயேதான் இருப்பேன்."

அவர் கண்ணை மூடினார். பிறகு, "நீ ஒருத்திதான்க்கா சொல்லுவ" என்றார். அவளுடைய இன்னொரு கையைத் தேடி எடுத்துத் தன் கன்னத்துக்கு அடியில் வைத்துக்கொண்டார். இறுகியிருந்த முகம் தளர்ந்து, அப்படியே தூங்கிப்போனார்.

பதினாறு நாள் இருந்தார். அக்கா அந்த வீட்டிலேயே கிடந்தாள். நான் மருந்து கொண்டுபோகும்போதெல்லாம் இரண்டு பேரும் ஏதாவது பேசிக்கொண்டிருப்பார்கள்.

அவர் போன அன்று வீடு நிறையக் கூட்டம். நான் பெண்களோடு உள்ளே உட்கார்ந்திருந்தேன். அக்கா சுவரோரம் இருந்தாள். திடீரென்று தம்பி மனைவி அவளைப் பார்த்துக் கையை நீட்டி, "பொழைக்க மாட்டன்னு மூஞ்சிக்கு நேராச் சொன்னாளே! கதவுக்கு வெளிய நின்னு என் காதால கேட்டேனே! அன்னைக்கோட அந்த மனுசனுக்கு மனசு விட்டுப் போச்சு. இவதான் கொன்னா!" என்று அலறினாள். எல்லாத் தலைகளும் திரும்பின. வெளியூரிலிருந்து வந்திருந்த தம்பி மகளும் பார்த்தாள். ஒரு கிழவி, "இப்படியும் ஒரு பொறப்பா?" என்றாள்.

அந்த அறையில் என்ன நடந்தது என்று தெரிந்த ஆட்கள் உயிரோடு இரண்டே பேர். அவர் கேட்டதும், அதற்குப் பிறகு சொன்னதும், கையை எடுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டதும் எனக்குத் தெரியும். நான் சொல்லியிருந்தால் நம்பியிருப்பார்கள். நான் வெளியாள், மருந்துக்கடைக்காரி, எனக்கு அந்தக் குடும்பத்தில் வேண்டியவர் வேண்டாதவர் என்று யாரும் இல்லை. ஆனால் எழவு வீட்டில், அத்தனை பேர் நடுவில், புருஷனைப் பறிகொடுத்தவள் முன்னால் எப்படிப் பேசுவது என்று நினைத்தேன். பிறகு பேசிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். தலையைக் குனிந்துகொண்டேன்.

அக்கா என்னை ஒரு தடவை பார்த்தாள். அவள் தனக்காக ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. எழுந்து, செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு, வெயிலில் மேலகரத்துக்கு நடந்தே வந்திருக்கிறாள்.

அதற்குப் பிறகும் நான் அதைப் பேசவில்லை. பதினாறாம் நாள் விசேஷத்துக்கு அவளுக்குச் சொல்லி அனுப்பவில்லை, அப்போதும் பேசவில்லை. அவர்கள் வீட்டு மகன் கடைக்கு வந்து மிச்ச மருந்தைத் திருப்பிக் கொடுத்தபோது வாய்வரைக்கும் வந்தது. சில்லறையைக் கொடுத்து அனுப்பிவிட்டேன்.

இரண்டு மாதத்தில் அக்கா வீட்டைக் காலி செய்தாள். கூட வேலை பார்த்த ஒரு பெண் ஓசூரில் சின்னதாக ஆய்வுக்கூடம் வைத்திருப்பதாகவும், வரச் சொல்லியிருப்பதாகவும் சொன்னாள். சாமானெல்லாம் ஏறிய பிறகு டிரைவருக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள். நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இத்தனை நாள் சொல்லாததைச் சொல்லிவிட வேண்டும் போலிருந்தது.

"அக்கா, அன்னைக்கு நான் வாயத் திறந்து சொல்லியிருக்கணும்."

அவள் படியில் நின்று யோசிப்பதுபோலவே கொஞ்ச நேரம் யோசித்தாள். முகத்தில் கோபம் இல்லை.

"ஆமாட்டி" என்றாள். "சொல்லியிருக்கணும்."

டிரைவர் வண்டியை எடுத்தார்.